கால்மணி முந்திய பாங்கு

எங்கள் ஊரில் யாராவது அவசரப்பட்டு ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டால், "நத்தர்சா பாங்கு சொன்ன மாதிரி" என்று ஒரு பேச்சு உண்டு. பஸ் நிற்கிற இடத்திலும் டீக்கடையிலும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் அரைஞாண் கயிற்றோடு திரிந்த பயல்கள். அந்தப் பாங்கை என் காதால் கேட்டவன் நான். கேட்டபோது பள்ளிவாசல் வாசலில் கையில் தூக்குவாளியோடு நின்றேன். அதனால் இந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று எனக்கும் தெரியும். நத்தர்சா ராவுத்தர் மவுத்தாகி நான்கு வருஷம் ஆகிறது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க இனி என்னை விட்டால் ஆளில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஆலங்குடியிலிருந்து கிழக்கே போனால் தென்னந்தோப்பும் முந்திரிக்காடும் மாறி மாறி வரும். நடுவில் ஓர் இடத்தில் பள்ளிவாசலின் பச்சைக் கைப்பிடிச் சுவர் தெரியும். அதற்கு எதிர்த்தாற்போல, கடலை மண்டி வைத்திருந்த செட்டியார் ஒருவர் தம் தாயார் பெயரில் கட்டிய சின்ன தரும ஆஸ்பத்திரி. நான் அங்கே கம்பவுண்டர். என் பெயர் ரத்தினவேல். டாக்டர் புதுக்கோட்டையிலிருந்து புதனும் சனியும் வந்து போவார். மற்ற நாட்களில் நானும் நர்சும்தான் ஆஸ்பத்திரி.

நத்தர்சா பிறந்தது அதே ஊரில்தான். உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல், ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் ஓடிய கரி பஸ்ஸில் ஆள் கூப்பிடுகிற வேலை பார்த்தார். "புதுக்கோட்டை, புதுக்கோட்டை" என்று அவர் எடுத்தால் சந்தைக்குள் பேரம் பேசிக்கொண்டிருப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். ஒருநாள் அந்த பஸ்ஸில் போன எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத், இந்தத் தொண்டையை பஸ்ஸுக்குக் கொடுத்து வீணாக்குகிறாயே என்று கேட்டாராம். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், 1948இல், நத்தர்சா பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிவாசலுக்கு மோதினாராக வந்தார். ஐந்து வேளை பாங்கு சொல்வது, தொழ வருகிறவர்கள் கைகால் கழுவுகிற ஹவுல் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது, பாய் விரிப்பது, ரமலானில் விடியலுக்கு முன் தெருத்தெருவாகப் போய் ஊரை எழுப்புவது, சாயங்காலம் நோன்புக் கஞ்சியை வீடுவீடாகப் பங்கு வைப்பது, எல்லாம் அவர் வேலை.

நேரம் தவறாத மனுஷர். அவர் பாங்கை வைத்துத்தான் நான் மாலையில் ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்துவேன். இந்துத் தெருவிலும் அவர் மக்ரிப் பாங்கு கேட்டுத்தான் விளக்கேற்றினார்கள். ஏழு வருஷத்தில் அவர் ஒரு நிமிஷம் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. ரமலான் மாதத்தில் தினமும் என் தூக்குவாளி நிறையக் கஞ்சி ஊற்றிக் கொடுப்பார். மேலாக வெந்த பருப்பும் தேங்காய்ப் பாலும் மிதக்கும். என் வீட்டில் அந்த முப்பது நாளும் ராத்திரிச் சமையல் கிடையாது.

1954 ஐப்பசியில் அவர் குதிகாலில் ஒரு கருவேல முள் ஏறியது. முள்ளை எடுத்தாயிற்று. புண் ஆறவில்லை. டாக்டர் மூத்திரத்தைப் பார்க்கச் சொன்னார். நான்தான் நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அது சர்க்கரை மிகவும் முற்றிய நிறம். அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு இன்சுலின் ஊசி. மருந்து பாட்டிலை ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் புதைத்து வைத்திருப்போம். கலங்கிய பால் போல இருக்கும். காலையில் போட்டால் அதன் வேகம் சாயங்காலம்தான் உச்சத்துக்கு வரும். ஊசி போட்ட அரைமணிக்குள் சாப்பிட வேண்டும், வேளை தவறாமல் சாப்பிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அப்படித்தான் எல்லாருக்கும் சொல்வேன், கோயிலில் குருக்கள் மந்திரம் சொல்கிற வேகத்தில்.

புண் தை மாதத்தில் ஆறிவிட்டது. அந்தத் தை மாதம்தான் இன்னாசியம்மாள் நர்சாக வந்தார். ஆவூர்க் கிறிஸ்தவர், முப்பது வயதிருக்கும். சிரிப்பதற்கு அவசரப்படாத முகம். நோயாளி ஒவ்வொருவரிடமும் வீட்டில் என்ன சமையல் என்று விசாரிப்பார். வேலையை வளர்க்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

1955இல் ரமலான் சித்திரையில் பிறந்து வைகாசியில் முடிந்தது. கத்திரி வெயில். நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் நத்தர்சா ஹஜ்ரத்திடம் போய், ஊசி போட்டுக்கொண்டால் நோன்பு முறியுமா என்று கேட்டிருக்கிறார். தோலுக்குள் போகிற மருந்து சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை, அதனால் முறியாது என்று ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரி. ஊசி போட்டால் நோன்பு என்ன ஆகும் என்று பள்ளிவாசலில் கேட்ட மனுஷர், நோன்பு பிடித்தால் ஊசி என்ன செய்யும் என்று ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இன்னாசியம்மாளாவது ஊருக்குப் புதுசு. நான் ஒன்பது வருஷமாக அந்த ஊரில் கஞ்சி குடித்தவன். அவர் காலையில் வந்து கையை நீட்டுவார், நான் ஊசியைக் கொதிக்க வைத்துக் கொடுப்பேன், இன்னாசியம்மாள் போட்டுவிடுவார். மாலையில் அதே மனுஷர் பட்டினியோடு நின்று எனக்குக் கஞ்சி ஊற்றுவார். இரண்டையும் பதினெட்டு நாள் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி வரவில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. அன்று விடியலில் அவர் ஊரையெல்லாம் எழுப்பி முடித்து வீட்டுக்கு வந்தபோது நேரம் நெருங்கிவிட்டது. இரண்டு வாய்ச் சோற்றோடு எழுந்து பாங்கு சொல்லப் போய்விட்டார் என்று அவர் மனைவி பல்கீசு பிறகு சொன்னார். ஏழு மணிக்கு வழக்கம்போல ஊசி. அந்த இரண்டு வாய்ச் சோற்றின்மேல் முழு மருந்து.

சாயங்காலம் ஆறு மணிக்குள்ளே கோடை மழைக்கு மேகம் திரண்டு மேற்கே கன்னங்கரேல் என்று அடைத்துவிட்டது. சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் ஆண்கள் வரிசையாகச் சட்டிக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் மற்றவர்களோடு தூக்குவாளியை வைத்துக்கொண்டு நின்றேன். நத்தர்சா மாடிப் படியில் ஏறினார். ஏறும்போது ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு பாங்கு கேட்டது.

குரலில் ஒரு குழறல் இருந்தது. ஆனால் யார் அதைக் கவனித்தார்கள்? பதினாலு மணி நேரம் காய்ந்த தொண்டைகள். எல்லாரும் பிஸ்மி சொல்லிக் கஞ்சியை வாயில் வைத்தார்கள். வீடுகளிலும் அப்படித்தான், கர்ப்பிணியும் கிழவரும் பிள்ளைகளும் நோன்பைத் திறந்துவிட்டார்கள். சட்டி பாதி காலியாகியிருக்கும். மேற்கே மேகம் கிழிந்து, தென்னை மட்டைகளுக்கு மேலே முழுசாகச் சூரியன் வந்து நின்றது. முற்றம் முழுக்க மஞ்சள் வெயில். எல்லார் கையிலும் இருந்த கஞ்சியின் மேல் அந்த வெயில் விழுந்தது.

 ஒருவர் வாயில் இருந்ததைத் துப்பினார். இன்னொருவர் உள்ளே ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து கால் மணி இருக்கிறது என்றார். ஊர் முழுக்க ஒரு நாள் நோன்பு பாழ். பசி தாங்காமல் முன்னதாகவே சொல்லிவிட்டான் என்று முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு வாய் சொன்னதும் பத்து வாய் சொல்லிற்று. நானும் அதைத்தான் நினைத்தேன். மருந்து கலக்குகிறவன், அப்படித்தான் நினைத்தேன்.

நத்தர்சா கீழே இறங்கி ஹவுல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை உதறியது. நாலைந்து பேர் சூழ்ந்து நின்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயிலைப் பார்த்துவிட்டு, பொழுது இருக்கிறது, பொழுது இருக்கிறது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவர் மனசு இரங்கித் தண்ணீர் நீட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பிவிட்டார்.

பள்ளிவாசலை ஒட்டித்தான் அவர் வீடு. சத்தம் கேட்டுப் பல்கீசு வெளியே வந்து, கூட்டத்துக்குள் அவரைப் பார்த்திருக்கிறார். அவர் ஒருத்தருக்குத்தான் அது கோபமாகவோ பசியாகவோ தெரியவில்லை. நேரே நர்சு வீட்டுக்கு ஓடினார். இன்னாசியம்மாள் ஒரு டம்ளரில் சர்க்கரையை அள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் வந்தார். பள்ளிவாசல் நிலைப்படிக்கு வெளியே நின்றுவிட்டார். ஒரு பெண், அதுவும் வேற்று மதத்துப் பெண். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹஜ்ரத்தே கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டார். இன்னாசியம்மாள் நத்தர்சாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு ஹஜ்ரத்திடம் திரும்பினார்.

"அய்யா, காலையில போட்ட மருந்து இவுக ரத்தத்துல இருந்த சக்கரையைப் பூராத் தின்னுருச்சு. இப்பவே சக்கரை குடுக்கணும். பொழுது சாயற வரைக்கும் உசிரு தாங்காது."

இன்னும் கொஞ்ச நேரம் தானே, நோன்பாளியின் வாயில் வெயிலில் ஊற்றலாமா என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. ஹஜ்ரத் சூரியனைப் பார்த்தார். நத்தர்சாவைப் பார்த்தார்.

"குடுங்கம்மா. உசிரைக் காக்க நோன்பை முறிக்கலாம். கேள்வி வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

இன்னாசியம்மாள் சர்க்கரையை ஈரமாக்கி விரலால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தார். கொஞ்சம் விழுங்கத் தொடங்கியதும் கரைத்ததைக் கரண்டியால் கொடுத்தார். மூச்சு சீராவதற்காக இடுப்பைத் தளர்த்தச் சொன்னார். நான்தான் அவருடைய கைலி மடியை அவிழ்த்தேன். மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் விழுந்தது. மோதினார் தாம் நோன்பு திறக்க மடியில் ஒரு பழம் வைத்திருப்பார். அதை வாயில் போட்டுக்கொண்டுதான் பாங்கு சொல்வார். அந்தப் பழம் கடிபடாமல் அப்படியே இருந்தது. இன்னாசியம்மாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஹஜ்ரத் கையில் கொடுத்தார்.

பத்து நிமிஷத்தில் நத்தர்சாவுக்கு நினைவு தெளிந்தது. எல்லாரும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். மாடிக்கு ஏறியது அவருக்கு ஞாபகம் இல்லை. பாங்கு சொன்னதும் ஞாபகம் இல்லை. யாரோ சொன்னார்கள். அவர் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து கூட்டம் கலையும் முன், வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஊருக்குச் சொல்லச் சொல்லி ஹஜ்ரத் இன்னாசியம்மாளைக் கேட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்றேன். மருந்தை அடுப்புத் தீ என்றும் சாப்பாட்டைப் பானைத் தண்ணீர் என்றும் வைத்துக்கொள்ளச் சொன்னார் அவர். தண்ணீர் ஊற்றாமல் தீயை மட்டும் எரித்தால் பானை விரிசல் விடும். பானை மேல் கோபித்து என்ன பயன் என்றார். மருந்து கொடுத்தவர்கள் நோன்பைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது தம் தப்பு என்றார். தம் தப்பு என்றுதான் சொன்னார். சொல்லிக் கொடுக்கிற வேலை என்னுடையது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் மாதிரி நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் சொன்னதுதான் கூட்டத்தைத் தலைகுனிய வைத்தது.

"பசிக்காகச் சொன்னவுகன்னா மொதல்ல மடியில இருந்த பழத்தைத் தின்னுருப்பாக. ஊரே தின்னப்பவும் அவுக திங்கலை."

அன்று மாலையே வேலை தொடங்கியது. ஊரில் இன்னும் ஆறு சர்க்கரை நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் நோன்பு பிடித்துக்கொண்டிருந்தார்கள், எங்களுக்குத் தெரியாமல். ஹஜ்ரத், இன்னாசியம்மாள், நான், மூன்று பேரும் வீடுவீடாகப் போனோம். எங்கள் நோன்பைப் பற்றி நர்சம்மாவுக்கு என்ன தெரியும் என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். ஆவூரில் தவக்காலத்தில் நாற்பது நாள் ஒரு வேளைச் சோற்றோடு ஒருசந்தி இருந்த வீட்டில் பிறந்தவள்தான் நானும், பசியை எனக்கும் தெரியும் என்றார் இன்னாசியம்மாள். அதற்குமேல் அவர் வாதாடவில்லை. சனிக்கிழமை டாக்டரிடம் ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டு எழுதி வாங்கினார். ஊசி போடுகிறவர்கள் நோன்பு பிடிக்கக் கூடாது. பத்தியத்திலேயே சர்க்கரை அடங்குகிறவர்கள் பிடிக்கலாம். ஆனால் விடியல் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது, நோன்பு திறந்ததும் இனிப்பை அள்ளித் தின்னக் கூடாது, தண்ணீரைக் குறைக்கக் கூடாது. வேர்த்து, கை உதறி, கண் இருட்டினால் அந்த இடத்திலேயே நோன்பை விட வேண்டும், பாங்குக்குக் காத்திருக்கக் கூடாது. இதற்காக ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி மடியிலோ முந்தானையிலோ முடிந்திருக்க வேண்டும். இது பாவம் இல்லை என்று ஹஜ்ரத் ஒவ்வொரு வீட்டிலும் தம் வாயால் சொன்னார். அவர் சொல்லாமல் நாங்கள் மட்டும் சொல்லியிருந்தால் ஒரு வீட்டிலும் எடுபட்டிருக்காது.

அந்த வருஷத்திலிருந்து ரமலானுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே இந்த விசாரிப்பு நடக்கும். இன்னாசியம்மாள் ஆவூருக்கே திரும்பிப் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. இப்போது நான் மந்திரம் சொல்வதில்லை. எப்போது சாப்பிட்டீர்கள், அடுத்து எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் ஊசியைத் தொடுவேன்.

நத்தர்சாவிடம் ஹஜ்ரத் முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் மட்டுமல்ல, ஆயுசுக்கும் அவருக்கு நோன்பு இல்லை. விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். பள்ளிவாசல் அரிசியில் ஜீவிக்கிற தானே ஏழை என்று அவர் சொல்லவில்லை. பல்கீசு தம் பங்குச் சோற்றைப் பஸ் நிற்கும் இடத்தில் கிடந்த கண் தெரியாத ஒருவருக்குத் தினமும் கொண்டுபோய்க் கொடுத்தார். நத்தர்சா அதற்கெல்லாம் சம்மதித்தார். பாங்கு சொல்ல மட்டும் மறுத்துவிட்டார். நோன்பில்லாத வாயால் ஊரை நோன்பு திறக்கச் சொல்லலாமா என்று கேட்டார். பாங்கு தொண்டையில் வருகிறது, வயிற்றில் வரவில்லை என்று ஹஜ்ரத் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. அன்றிலிருந்து ஹஜ்ரத்தே பாங்கு சொன்னார். இழுப்பு நோய்க்காரர், அவர் குரல் இரண்டாம் தெருவைத் தாண்டவில்லை.

நோன்பு பிடித்த ஊரில் பகலில் சாப்பிட நத்தர்சாவுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. அதனால் மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னோம். மருந்து அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். இரண்டாம் நாள் நான் என் வாயைத் திறந்தேன். தப்பு நர்சம்மாவுடையது இல்லை, என்னுடையது என்றேன். அவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

"நீங்க ஊசி குடுத்தீங்க. பாங்கு சொன்னது என் வாய்தானே. அந்தக் கால் மணி எனக்குள்ள யாரு இருந்தாகன்னு எனக்கே தெரியலை, கம்பவுண்டரய்யா. பசியிலதான் சொன்னேனோ என்னமோ."

பேரீச்சம்பழத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொன்னேன். மடியில் இருந்தது, நான்தான் அவிழ்த்தேன், கடிபடாமல் இருந்தது, ஹஜ்ரத் இன்னும் அதை வைத்திருக்கிறார். அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். தோள் குலுங்கியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அதற்குப் பிறகும் பாங்கு சொல்ல வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஒருமுறை தன்னை அறியாமல் பேசிய வாயை மறுபடி எப்படி நம்புவது என்பதுதான் அவர் கவலை.

பெருநாள் போயிற்று. கெட்டுப்போன அந்த ஒரு நோன்பை எல்லாரும் வேறொரு நாளில் திரும்பப் பிடிக்க வேண்டும். அவரவர் வசதிப்படி பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் வழக்கம். ஆனால் ஹஜ்ரத், ஊராகக் கெட்டதை ஊராகவே சேர்ந்து தீர்ப்போம் என்று ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார். அன்று பள்ளிவாசலில் மறுபடி கஞ்சி காய்ச்சினார்கள். நத்தர்சா மத்தியானம் வந்து வழக்கம்போல எங்கள் அறையில் சாப்பிட்டார். பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தென்னைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கி, மறைந்தே போனதை எல்லாரும் கண்ணால் பார்த்தோம். பாங்கு கேட்கவில்லை. முற்றத்தில் கஞ்சிச் சட்டிகள் ஆவி பறந்துகொண்டிருந்தன. ஒரு கையும் சட்டிக்குப் போகவில்லை. பொழுது போனது தெரிந்த பிறகு பாங்கு இல்லாமலே திறக்கலாம், தண்ணீராவது குடிக்கலாம். ஒருவரும் குடிக்கவில்லை. சொல்லி வைத்ததா, தானாக அப்படி ஆயிற்றா, எனக்குத் தெரியாது. ஹஜ்ரத் எழுந்து நத்தர்சா வீட்டு வாசலுக்குப் போனார். நானும் இன்னாசியம்மாளும் அங்கேதான் நின்றிருந்தோம். அவர் உள்ளே போகவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"நோன்பு திறக்கிறதைத் தாமசப்படுத்துறது தப்பு, நத்தர்சா. ஊரு ஒங்க கொரலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு. அன்னைக்கு முந்திட்டீங்க. இன்னைக்குப் பிந்திறாதீங்க."

 பிறகு நத்தர்சா வெளியே வந்தார். ஒளுச் செய்து முகமும் கையும் ஈரமாக இருந்தன; அப்படியென்றால் அவர் உள்ளே தயாராகத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். இன்னாசியம்மாளுக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

"நர்சம்மா, நான் தெளிவா இருக்கேனா, பாருங்க."

இன்னாசியம்மாள் நாடியைப் பிடித்தார், நெற்றியைத் தொட்டார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். வியாழன் என்றார் அவர். தெளிவாக இருக்கிறீர்கள், போய்ச் சொல்லுங்கள் என்றார் இன்னாசியம்மாள். நத்தர்சா சுவரைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறினார்.

குரல் மூன்றாம் தெருவைத் தாண்டி இந்துத் தெருவுக்கும் போயிற்று. எங்கள் வீட்டில் அன்று ஒரு மாதத்துக்குப் பிறகு சரியான நேரத்தில் விளக்கேற்றினார்கள். முற்றத்தில் எல்லாரும் பிஸ்மி சொல்லிச் சட்டியை எடுத்தார்கள். எனக்கும் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றினார்கள். ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் நான் அதை அங்கே நின்று குடித்ததில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். அன்று நிலைப்படி ஓரத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியில் ஊற்றி, சூடு பார்க்காமல் குடிக்கத் தொடங்கினேன். கை நடுங்கிக் கஞ்சி வேட்டியில் சிந்தியது. அன்று விடியலிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. ஊர் திருப்பிப் பிடிக்கிற நோன்பில் நத்தர்சாவுக்கு ஒன்று குறையுமே, அது என்னால் குறைந்ததுதானே என்று இருந்துவிட்டேன். என் மதத்தில் அது எந்தக் கணக்கில் சேரும் என்று நான் யோசிக்கவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

நத்தர்சா மாடியிலிருந்து இறங்கி வந்தார். நேரே வெளியே போகப் போனவர் என்னைப் பார்த்து நின்றார். மூடியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் தம் கையில் வாங்கிக்கொண்டார்.

"மெதுவாக் குடிங்க, கம்பவுண்டரய்யா," என்றார். "வெறும் வயிறு."